கான்ட், மே நாட், மஸ்ட் நாட், ஐட் ராதர் யூ டிடின்ட்: இங்கிலீஷ்ல அனுமதி மறுக்கிறது எப்படி?

கேள்வி கேட்டவர் ஒரு ஐடி கம்பெனில வேலை பாக்கிறவர். லண்டன்ல இருக்கிற மேனேஜர்கிட்ட வர்ற வெள்ளிக்கிழமை லீவ் எடுத்துக்கலாமான்னு கேட்டிருக்கார், அவர் "ஐட் ராதர் யூ டிடின்ட்"னு ஒரே வரில பதில் போட்டிருக்கார். இது "எடுக்காதே"ன்னு அர்த்தமா, இல்ல "எடுக்காம இருந்தா நல்லது, மத்தபடி உன் இஷ்டம்"னு அர்த்தமாங்கிறது முதல் கேள்வி. கான்ட், மே நாட், மஸ்ட் நாட், ஷுட் நாட், நாட் அலவுட் இதுக்கெல்லாம் என்ன வித்தியாசம், எது மரியாதைங்கிறது ரெண்டாவது. க்ளையன்ட் ஏதாவது அனுமதி கேட்டா நாம எப்படி மறுக்கிறதுங்கிறது மூணாவது.

லீவ் விஷயத்தை முதல்ல முடிச்சிடலாம். அது நோ தான், அப்ளை பண்ணிடாதீங்க. வார்த்தைக்கு வார்த்தை பாத்தா வெறும் விருப்பத்தைச் சொல்ற மாதிரி தெரியும், ஆனா பிரிட்டிஷ்காரங்க வாயில, அதுவும் மேல இருக்கிறவர் கீழ இருக்கிறவர்கிட்ட சொல்லும்போது, அது மறுப்பு. இதையே கூட வேலை பாக்கிறவர் சொன்னா கொஞ்சம் பேசிப் பாக்க இடம் இருக்கு, ரூம்மேட் சொன்னா இன்னும் கொஞ்சம் இருக்கு. சொல்றவர் கைல எவ்வளவு அதிகாரமோ அவ்வளவுக்கு அந்த வார்த்தை கெட்டிப்படும். வெள்ளிக்கிழமையை விடவே முடியாதுன்னா (வீட்டுல கல்யாணம், ஆஸ்பத்திரி இப்படி) காரணத்தைச் சொல்லி இன்னொரு தடவை கேளுங்க, "ஐட் ராதர்"ல அதுக்கு வழி விட்டு வெச்சிருக்கார். மொட்டையா "நோ, யூ கான்ட்"னு வந்திருந்தா அந்த வழி இல்ல. "டிடின்ட்"ஐப் பாத்து முடிஞ்சுபோனதைப் பத்தி சொல்றாரோன்னும் குழம்ப வேணாம், இங்கிலீஷ்ல மரியாதைக்காக ஒரு அடி தள்ளி நிக்கணும்னா இறந்தகால வடிவத்தை எடுத்துப்பாங்க, குட் யூ, வுட் யூ, ஐ வாஸ் வொண்டரிங் எல்லாமே அதே சங்கதிதான்.

இப்ப பெரிய கேள்வி. ஸ்போக்கன் இங்கிலீஷ், ஈமெயில் ரைட்டிங்னு பல வருஷமா சொல்லிக் கொடுக்கிறவன் நான், இந்த டாபிக் வந்தாலே எல்லாரும் கேக்கிறது "சார், எது ரொம்ப பொலைட்?"னுதான். அப்படி ஒரு வரிசை போட்டா உதவாது, ஏன்னா ஒரே சொல் ஒரு இடத்துல மரியாதை, இன்னொரு இடத்துல அதட்டல். நான் முதல்ல பாக்கச் சொல்றது ஒண்ணே ஒண்ணு: இந்தத் தடை யார்கிட்ட இருந்து வருதுன்னு அந்த வாக்கியம் காட்டுது? சொல்றவர்கிட்ட இருந்தா, ஏதோ ரூல்கிட்ட இருந்தா, இல்ல சூழ்நிலைல இருந்தா?

ஒரு லைப்ரரில ரெஃபரன்ஸ் செக்ஷன் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமான்னு கேக்கிறீங்கன்னு வெச்சுக்குவோம். கவுன்ட்டர்ல இருக்கிறவர் "யூ கான்ட் டேக் தட்"னு சொன்னா ரூலை உங்க முன்னாடி வெக்கிறார், அவ்வளவுதான், குரல் எப்படியோ அப்படி. "யூ ஆர் நாட் அலவுட் டு"ன்னா ரூல் எங்கேயோ வேற யாரோ போட்டது, அவரும் நீங்களும் அதுக்குக் கீழ நிக்கிறீங்க. "வி டோன்ட் லெண்ட் தீஸ் அவுட், ஐயாம் அஃப்ரெய்ட்"னா இங்க வழக்கமே அப்படிங்கிறார், உங்களைத் தனியா சுட்டலை, அந்த வாக்கியத்துல "யூ"ங்கிற வார்த்தையே கிடையாது பாருங்க. "ஐ கான்ட் லெட் யூ டேக் தட்"னா அவர் கையும் கட்டியிருக்கு, விட ஆசைதான் ஆனா முடியாதுங்கிற தொனி. கடைசியா "ஐ வோன்ட் லெட் யூ டேக் தட்"னு சொல்லிட்டார்னா சண்டை ஆரம்பம், ஏன்னா இது அவரோட சொந்த முடிவு, நான் விடமாட்டேன்னு நெஞ்சை நிமித்தி நிக்கிறார். "ஐ கான்ட் லெட் யூ"வுக்கும் "ஐ வோன்ட் லெட் யூ"வுக்கும் நடுவுல ஒரே ஒரு சொல்தான் மாறுது, நம்ம ஊர்ல "முடியாதுங்க"வுக்கும் "மாட்டேன்"க்கும் இருக்கிற அதே தூரம். அதனாலதான் கஸ்டமர் கேர் ஆளுங்களுக்கு வோன்ட்டைத் தொடாதேன்னு ட்ரெயினிங்லயே சொல்லிடுவாங்க.

சரி, கான்ட்டா மே நாட்டா? நாமெல்லாம் "மே ஐ கம் இன் மிஸ்"னு கதவுகிட்ட கைகட்டி நின்னு வளர்ந்தவங்க, அதனால மே தான் மரியாதை, கேன்னா திறமைன்னு மனசுல பதிஞ்சு போச்சு. இங்கிலீஷ் பேசுற நாடுகள்லயும் இந்தப் பழைய வாத்தியார் ஜோக் உண்டு, பையன் "கேன் ஐ கோ டு தி டாய்லெட்"னு கேட்டா டீச்சர் "ஐ டோன்ட் நோ, கேன் யூ?"ம்பாங்க. ஆனா நடைமுறைல அனுமதி கேக்க, கொடுக்க, மறுக்க எல்லாத்துக்கும் கேன் தான் ஓடுது, அதுல தப்பே கிடையாது. மே வெச்சு கேக்கிறது இன்னும் மரியாதைதான், ஆனா வேடிக்கை என்னன்னா மே நாட் வெச்சு மறுக்கிறது மரியாதை ஆகாது. "மே ஐ லீவ் எர்லி?"க்கு "நோ, யூ மே நாட்"னு பதில் வந்தா சிம்மாசனத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருக்கும், அனுமதி கொடுக்கிற அதிகாரம் எனக்கு இருக்கு, கொடுக்கலைன்னு அது சொல்லுது. பழைய கால பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ், இல்ல கோபத்தை அடக்கிட்டு பேசுற அம்மா, இவங்க வாயிலதான் அது பொருந்தும்.

கேக்கிறதுக்கு மட்டும் ஆகிற இன்னொண்ணு குட். "குட் ஐ யூஸ் யுவர் ஃபோன்?"னு அழகா கேக்கலாம், ஆனா "நோ, யூ குடின்ட்"னு பதில் சொல்லக் கூடாது, "நோ, யூ கான்ட்", இல்ல "சாரி, ஐ நீட் இட்" அப்படித்தான் போகணும். கேக்கிறவர் தயங்கலாம், அதுக்குத்தான் குட். பதில் சொல்றவர் தயங்கினா அது பதிலே இல்ல. தவிர "யூ குடின்ட்"னு தனியா வந்தா அன்னிக்கு உன்னால முடியலைங்கிற மாதிரி வேற எங்கேயோ போயிடும்.

மே நாட்ல மரியாதையை விடப் பெரிய சிக்கல் ரெண்டு அர்த்தம். "விசிட்டர்ஸ் மே நாட் பார்க் ஹியர்"னா பார்க் பண்ண அனுமதி இல்ல. "விசிட்டர்ஸ் மே நாட் ஃபைண்ட் பார்க்கிங் ஹியர்"னா இடம் கிடைக்காமலும் போகலாம். "ஸ்டாஃப் மே நாட் அட்டெண்ட்"னு ஒரு சர்க்குலர் வந்தா ரெண்டுல எதுன்னு கடவுளுக்குத்தான் தெரியும். இதனாலேயே ஐஎஸ்ஓங்கிற சர்வதேச தர அமைப்போட ஆவணம் எழுதுறவங்களுக்கு தடையைச் சொல்ல மே நாட் போடாதே, ஷல் நாட் போடுன்னு எழுத்துலயே விதி இருக்கு. இண்டர்நெட் புரோட்டோகால் எழுதுறதுக்கு 1997ல வந்த ஆர்எஃப்சி 2119ங்கிற வழிகாட்டி ஆவணத்துல மஸ்ட் நாட், ஷல் நாட், ஷுட் நாட் மூணுக்கும் வரையறை கொடுத்தாங்க, மே-க்கும் கொடுத்தாங்க, மே நாட் அந்தப் பட்டியல்லயே கிடையாது. நம்ம அரசியல் சட்டத்தோட இங்கிலீஷ் மூலத்துல பாருங்க, 14, 15ஆவது பிரிவுகள்ல அரசு இதைச் செய்யக் கூடாதுன்னு வர்ற இடத்துல "தி ஸ்டேட் ஷல் நாட்"னுதான் இருக்கும். அதே சமயம் சாஃப்ட்வேர் லைசென்ஸ்ல "யூ மே நாட் காப்பி ஆர் மாடிஃபை"ன்னு கண்ணை மூடிட்டு எழுதுறாங்க, அங்க யாரும் குழம்புறதில்ல, ஏன்னா சூழல் தெளிவா இருக்கு, யாரும் படிக்கிறதும் இல்ல.

இப்ப வர்றதுதான் நம்மாளுங்க அதிகமா வழுக்குற இடம், ஷுட் நாட். தமிழ்ல "கூடாது"ன்னு ஒரு பலமான சொல் இருக்கு, உள்ளே வரக் கூடாது, தொடக் கூடாது, செல்போன் கொண்டுவரக் கூடாது. ஸ்கூல் கிராமர்ல இதுக்கு ஷுட் நாட்னு மனப்பாடம் பண்ண வெச்சுட்டாங்க. அதனால நம்ம ஊர் ஆஸ்பத்திரி, காலேஜ், ஆபீஸ் நோட்டீஸ் எல்லாத்துலயும் "விசிட்டர்ஸ் ஷுட் நாட் என்டர்", "ஸ்டூடண்ட்ஸ் ஷுட் நாட் யூஸ் மொபைல்ஸ்"தான். உள்ளூர்ல இது நல்லாவே வேலை செய்யுது, படிக்கிறவனும் மனசுக்குள்ள கூடாதுன்னுதான் படிக்கிறான். வெளியூர்க்காரன் படிச்சா அது அறிவுரை மாதிரி கேக்கும், செய்யாம இருக்கிறது நல்லது, சரி, செஞ்சா என்னன்னு.

இது சும்மா நுணுக்கம் பாக்கிறது இல்ல. வெண்டர் பாலிசில "ஸ்டாஃப் ஷுட் நாட் காப்பி ப்ரொடக்ஷன் டேட்டா"ன்னு நீங்க எழுதுறீங்கன்னு வைங்க (ப்ரொடக்ஷன்னா கஸ்டமர்கள் நிஜமா பயன்படுத்துற லைவ் சிஸ்டம்). மேல சொன்ன ஆர்எஃப்சி கணக்குல ஷுட் நாட்னா, தகுந்த காரணம் இருந்து, பின்விளைவை யோசிச்சு எடைபோட்டுட்டா செய்யலாம்னு அர்த்தம். அதாவது கதவு திறந்தே இருக்கு. நீங்க பூட்டிட்டதா நினைச்சது. டேட்டா வெளிய போனப்புறம் "நாங்க கூடாதுன்னு எழுதியிருந்தோமே"ன்னா அந்தப் பக்கத்து வக்கீல் ஷுட் நாட்டை எடுத்து உங்க முன்னாடியே வெப்பார். அங்க மஸ்ட் நாட் போடணும்.

அடுத்த வழுக்கல் "வேண்டாம்". "சனிக்கிழமை வர வேண்டாம்"னு தமிழ்ல சொன்னா ரெண்டு விதமா எடுத்துக்கலாம், வரணும்னு கட்டாயம் இல்லைங்கிறதும் அதுதான், வராதேங்கிறதும் அதுதான், குரலையும் முகத்தையும் பாத்து புரிஞ்சுக்கிறோம். இங்கிலீஷ்ல இது ரெண்டும் ரெண்டு துருவம். "யூ டோன்ட் ஹேவ் டு கம்", "யூ நீடின்ட் கம்" எல்லாம் கட்டாயத்தை எடுக்குது, வந்தா காபி கொடுப்பாங்க. "யூ மஸ்ட் நாட் கம்"னா வந்தா வாசல்ல நிறுத்துவாங்க. மஸ்ட்டுக்கு எதிர்ப்பதம் மஸ்ட் நாட்னு நினைச்சு "யூ மஸ்ட் நாட் கம் ஆன் சாட்டர்டே"ன்னு அன்பா மெசேஜ் போடுறவங்களைப் பாத்திருக்கேன், வாங்கினவர் நான் என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சிருப்பார். நம்ம மட்டும் இல்ல, ஜெர்மன்காரங்களும் இதே குழில விழுவாங்க, அவங்க மொழில "முஸ் நிக்ட்"னா செய்யணும்னு அவசியம் இல்லைன்னு அர்த்தம், அதை அப்படியே மஸ்ட் நாட்னு கொண்டுவந்துடுவாங்க. ஜெர்மன் டீமோட வேலை பாக்கிறவங்க இதை மனசுல வெச்சுக்குங்க.

மஸ்ட் நாட் எழுத்துல ஓகே. நேர்ல ஒருத்தர்கிட்ட சொன்னா கனம் அதிகம், பெரியவங்க குழந்தையைக் கண்டிக்கிற மாதிரி, அமெரிக்காவுல பேச்சுல அது ரொம்பக் குறைவு, கான்ட் தான் சொல்வாங்க. ஆனா பாருங்க, "யூ மஸ்ட்ன்ட் பிளேம் யுவர்செல்ஃப்"னு சொன்னா அது ஆறுதல், அதட்டல் வாடையே இல்ல. தடுக்கிறது உங்க நல்லதுக்குன்னா எவ்வளவு பலமா தடுத்தாலும் அது அன்பு. "இன்னும் ரெண்டு இட்லி வைக்காம விடமாட்டேன்"னு சொல்ற அத்தையை யாராவது மரியாதை தெரியாதவங்கன்னு சொல்வோமா?

"யூ ஆர் நாட் சப்போஸ்ட் டு" தனி ரகம். ரூல் இருக்குன்னு ஒத்துக்குது, ஆனா அதுக்குப் பின்னாடி தான் நிக்கிறதா சொல்லலை. செக்யூரிட்டி "யூ ஆர் நாட் சப்போஸ்ட் டு பார்க் ஹியர்"னு இழுத்தார்னா அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்னு சொல்லிப் பாக்கலாம். நீங்க நிஜமாவே தடுக்க நினைச்சா இதைச் சொல்லாதீங்க.

"யூட் பெட்டர் நாட்"ல இருக்கிற பெட்டரைப் பாத்து நம்மாளுங்க மயங்கிடுவாங்க, செய்யாம இருக்கிறது நல்லதுங்கன்னு பதமா சொல்றதா நினைச்சு க்ளையன்ட்டுக்கே எழுதுவாங்க. இங்கிலீஷ் காதுக்கு அதுல மிரட்டல் வாசனை இருக்கு, செஞ்சா அனுபவிப்பேங்கிற மாதிரி. சம வயசு ஃப்ரெண்டுக்கு, "மழை வரும் போல, வெளிய போகாதடா" வகைல சொல்லலாம், மேல இருக்கிறவங்களுக்கு வேணவே வேணாம். "யூ ஆர் நாட் டு லீவ் தி பில்டிங்" அப்படின்னு வர்ற ஆர் நாட் டு, மேல இருந்து வந்த உத்தரவை கீழ கடத்துறது, ராணுவம், ஆஸ்பத்திரி வார்டு, ஹாஸ்டல் வார்டன், அந்த ஏரியா.

இனி சாஃப்ட் பக்கம். "ஐயாம் அஃப்ரெய்ட்"ல பயம் எதுவும் இல்ல, வரப்போறது கெட்ட செய்தின்னு ஒரு மணி அடிக்கிறாங்க. "ஐயாம் அஃப்ரெய்ட் நாட்"னு தனியா சொன்னாலே முழு மறுப்பு. இங்கிலீஷ்ல பெரும்பாலான மறுப்பு நோ-ல ஆரம்பிக்கிறதே இல்ல. ஒரு சின்ன தாமதம், ஒரு "வெல்...", அப்புறம் ஒரு வருத்தம், அப்புறம் காரணம், நோ-ங்கிற வார்த்தை வராமலேயே வேலை முடிஞ்சிடும். உரையாடலை ஆராயறவங்க ரொம்ப நாளா சொல்றது இது, சரின்னு சொல்றது டக்குன்னு வரும், முடியாதுங்கிறது சுத்தி வளைச்சு லேட்டா வரும். அதனால லைவ் கால்ல "கேன் வி புஷ் இட் டுடே?"ன்னு (இன்னிக்கே ரிலீஸ் பண்ணிடலாமான்னு) கேட்டு அந்தப் பக்கம் ஒரு செகண்ட் அமைதி, அப்புறம் "வெல்..."னு இழுத்தா மீதியைக் கேக்க வேண்டியதே இல்ல.

இது வெள்ளைக்காரங்க சமாச்சாரம்னு நினைக்காதீங்க. மரியாதையைப் பத்தி உலகத்துல அதிகமா பேசப்படுற கோட்பாடு பெனலப்பி பிரௌன், ஸ்டீபன் லெவின்சன் ரெண்டு பேரோடது, முதல்ல 1978ல வந்துச்சு, 1987ல தனி புத்தகமாச்சு. அவங்க எடுத்துக்கிட்ட மூணு மொழில ஒண்ணு இங்கிலீஷ், ஒண்ணு மெக்சிகோவுல பேசுற ட்ஸெல்டால், மூணாவது நம்ம தமிழ், கோயம்புத்தூர் மாவட்டத்துல ஒரு கிராமத்துல கேட்டு எழுதினது. அதுல அவங்க சொல்ற உத்தில முக்கியமானது, நான்-நீயை வாக்கியத்துல இருந்து எடுத்துட்டு பொது விதியா சொல்றது. லைப்ரரில "வி டோன்ட் லெண்ட் தீஸ்" பண்ணினது அதுதான். நம்ம வீட்டுல "செவ்வாய்க்கிழமை காசு கொடுக்கிறதில்லைங்க"ன்னு சொல்றதும் அதேதான், கொடுக்க மனசில்லைன்னு யாரும் வாய்விட்டு சொல்லலை பாருங்க.

"டூ யூ மைண்ட் இஃப் ஐ ஓபன் தி விண்டோ?" இதுல ஒரு பொறி இருக்கு. "நோ"ன்னா திறந்துக்கோன்னு அர்த்தம், "எஸ்"னா மறுப்பு. ஆனா மொட்டையா "எஸ், ஐ டூ"ன்னா செவுள்ல அடிச்ச மாதிரி. மறுக்கணும்னா "ஆக்சுவலி, ஐட் ராதர் யூ டிடின்ட், ஐ ஹேவ் அ கோல்ட்" அப்படின்னு காரணத்தோட போகணும். நம்ம ஊர்ல பலர் திறந்துக்கச் சொல்றதுக்கு "எஸ் எஸ், ப்ளீஸ்"ம்பாங்க, இலக்கணப்படி அது மறுப்பு, ஆனா சிரிச்ச முகத்தைப் பாத்துட்டு எல்லாரும் புரிஞ்சுக்கிறாங்க. போன்ல இந்தச் சிரிப்பு போகாது, அங்க "ஷ்யூர், கோ அஹெட்" பாதுகாப்பு.

சாஃப்ட்டாவே போய்க்கிட்டிருந்தா எங்க கொண்டுபோய் விடும்ங்கிறதுக்கு விமானத்துறையைப் பாக்கணும். அங்க மரியாதையை சுத்தமா உரிச்சு எடுத்துட்டாங்க. சர்வதேச ரேடியோ பேச்சு முறைல "நெகட்டிவ்"னா அனுமதி இல்ல. "அனேபிள்"னா நீங்க கேட்டதை, சொன்னதை என்னால செய்ய முடியாது, பெரும்பாலும் காரணமும் சேர்த்துச் சொல்வாங்க. "ஸ்டாண்ட் பை"ன்னா காத்திரு, கூப்பிடறேன், அது சம்மதமும் இல்ல மறுப்பும் இல்ல. ஓகே, ஷ்யூர் மாதிரி பல அர்த்தம் வர்ற சொல்லுக்கு அங்க இடம் கிடையாது. 1977 மார்ச் 27, கேனரி தீவுகள்ல டெனரீஃப்ல இருக்கிற லாஸ் ரோடியோஸ் ஏர்போர்ட், ரன்வேல ஒரே பனிமூட்டம். கேஎல்எம் விமானம் டேக்ஆஃப்ல இருக்கோம்ங்கிற மாதிரி சொல்ல, டவர்ல இருந்து முதல்ல "ஓகே"ன்னு வந்து, சின்ன இடைவெளி விட்டு "ஸ்டாண்ட் பை ஃபார் டேக்ஆஃப், ஐ வில் கால் யூ"ன்னு வந்துச்சு. அதே நொடில பான்ஆம் விமானமும் நாங்க இன்னும் ரன்வேலதான் இருக்கோம்னு பேச, ரெண்டு சிக்னலும் மோதி கேஎல்எம் காக்பிட்ல ஓகேக்கு அப்புறம் வந்தது கீச்சுன்னு ஒரு சத்தம்தான். ரெண்டு ஜம்போவும் மோதினதுல 583 பேர் போயிட்டாங்க. காரணம் பல இருந்துச்சு, பனி, அவசரம், கேப்டன்கிட்ட எதிர்த்துப் பேசத் தயங்கினது எல்லாம். ஆனா மறுப்புக்கு முன்னாடி வந்த அந்த ஓகேவும் அந்தப் பட்டியல்ல இருக்கு. அதுக்கப்புறம்தான் டேக்ஆஃப்ங்கிற சொல்லை, நிஜமா புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து பண்ணும்போதும் மட்டும்தான் சொல்லணும், மத்த நேரம் டிபார்ச்சர்னு சொல்லுன்னு ஆச்சு.

போர்டு பத்தி கொஞ்சம். இங்கிலாந்துல 2007 ஜூலைல இருந்து மாட்டின போர்டுல இங்க புகைபிடிக்கிறது சட்டத்துக்கு விரோதம்னு, "இட் இஸ் அகெய்ன்ஸ்ட் தி லா"ன்னு இருந்துச்சு. இந்தியாவுல 2008 அக்டோபர் 2ல நடைமுறைக்கு வந்த விதில "ஸ்மோக்கிங் ஹியர் இஸ் அன் அஃபென்ஸ்", இங்க பிடிச்சா குற்றம். ரெண்டுலயும் யூ கிடையாது, ப்ளீஸும் கிடையாது. "தேங்க் யூ ஃபார் நாட் ஸ்மோக்கிங்" ஆளு வேற ரகம், நீங்க இன்னும் கீழ்ப்படியவே இல்ல, அதுக்குள்ள நன்றி சொல்லி மடக்கிடுது. எனக்குப் பிடிச்சது பிரிட்டன்ல வீட்டு கேட்ல தொங்கிற "பொலைட் நோட்டீஸ், நோ பார்க்கிங்", தூரத்துல இருந்து பாத்தா போலீஸ் நோட்டீஸ் மாதிரி தெரியணும்னே அந்த பொலைட். மரியாதை அங்க மாறுவேஷத்துல மிரட்டுது.

வினைச்சொல் பக்கம் வேகமா போயிடறேன். டிக்ளைன் மென்மையானது, அழைப்பையோ வேண்டுகோளையோ. டர்ன் டவுன் பேச்சு வழக்கு. ரெஃப்யூஸ் முகத்துக்கு நேரா. டினைல அதிகாரம் இருக்கு, அனுமதி, ஜாமீன், அப்பீல். ரிஜெக்ட்னா தரம் பாத்து தள்ளினது, அப்ளிகேஷன், டெலிவரி சரக்கு. நாம "விசா ரிஜெக்ட் ஆயிடுச்சு"ம்போம், அமெரிக்க தூதரகத்தோட மொழில அது ரெஃப்யூஸ், அவங்க குடியேற்றச் சட்டத்தோட 214(பி) பிரிவுல மறுத்தாலும் ரெஃப்யூஸ்தான், இன்னும் பேப்பர் கொடுன்னு 221(ஜி) சீட்டு கொடுத்தாலும் ரெஃப்யூஸ்தான், பேப்பர் கொடுத்தப்புறம் அது மாறலாம். அந்தச் சொல்லைப் பாத்து அழுதவங்க நிறைய. ஃபர்பிட் தனிமனுஷன் சமாச்சாரம், அப்பா மகளைத் தடுக்கிற மாதிரி. ப்ரொஹிபிட் சட்டம், கம்பெனி. பேன் பொதுவுல ஒரு பொருளையோ ஆளையோ தடை பண்றது. "ஐ ஃபர்பிட் யூ"ன்னு ஆபீஸ்ல யாராவது சொன்னா சிரிப்பு வந்துடும். லினக்ஸ்ல வேலை பாக்கிறவங்களுக்கு "பர்மிஷன் டினைட்"னு ஒண்ணும் "ஆபரேஷன் நாட் பர்மிட்டட்"னு ஒண்ணும் தனித்தனி எரர்னு தெரியும். முதலாவதுல பெரும்பாலும் அந்த ஃபைலோட பர்மிஷன் உன்னைத் தடுக்குது, ரெண்டாவது இந்தக் காரியத்தைச் செய்யவே உனக்குத் தகுதி பத்தாதுங்குது. மெஷினே நிதானமா பிரிச்சுச் சொல்லுது.

இப்ப க்ளையன்ட். ப்ரொடக்ஷன் சர்வர் ஆக்சஸ் கேக்கிறார், கொடுக்கக் கூடாது. நம்ம டீம்ல வழக்கமா வர்ற டிராஃப்ட் ரெண்டு விதம். ஒண்ணு, "யூ ஷுட் நாட் ஆக்சஸ் ப்ரொடக்ஷன், கைண்ட்லி நோட்." கைண்ட்லி போட்டதால மரியாதை வந்துடுச்சுன்னு நினைப்பு, ஆனா யூ-வை முன்னாடி நிறுத்தி அவருக்கே அறிவுரை சொல்றோம், அதுவும் காசு கொடுக்கிறவருக்கு. ரெண்டாவது, "வி வில் ட்ரை அண்ட் செக் வித் தி டீம் அண்ட் கெட் பேக்", இதுல மறுப்பே இல்ல, அவர் திங்கக்கிழமை லாகின் எங்கன்னு கேப்பார், கேக்கும்போது அவர் பக்கம்தான் நியாயம் இருக்கும்.

நான் எழுதினா இப்படி: "ஐயாம் அஃப்ரெய்ட் வி கான்ட் கிவ் டைரக்ட் ஆக்சஸ் டு ப்ரொடக்ஷன். அவர் செக்யூரிட்டி பாலிசி லிமிட்ஸ் இட் டு தி ஆன்-கால் டீம். வி கேன் ஷேர் எ ரீட்-ஒன்லி காப்பி பை வெட்னஸ்டே, வுட் தட் ஹெல்ப்?" முதல் வரிலயே கான்ட் இருக்கு, மறுப்பு ஒளியலை. ஐயாம் அஃப்ரெய்ட் ஒரு தடவைதான், ரெண்டு தடவை போட்டா குற்ற உணர்ச்சி மாதிரி ஆயிடும். தடை பாலிசில இருந்து வருது, என்கிட்ட இருந்தோ உங்க மேல நம்பிக்கை இல்லாததாலயோ இல்ல (பாலிசி நிஜமாவே இருக்கணும், இல்லாத ரூலைச் சொல்லி மாட்டிக்காதீங்க, நாளைக்கு அவர் அந்த பாலிசியை அனுப்புங்கன்னு கேட்டா என்ன பண்ணுவீங்க). அப்புறம் அவருக்கு வேற வழி, தேதியோட. அதே க்ளையன்ட் மூணாவது தடவையும் கேட்டார்னா மென்மையை எல்லாம் எடுத்துட்டு "தட் வோன்ட் பி பாசிபிள்"னு நிறுத்திடுங்க. அதுல வோன்ட் இருந்தாலும் நான் மாட்டேன்னு வரலை பாருங்க, எழுவாயா இருக்கிறது தட்.